பாதாம் மாவில் சப்பாத்தி சுட முடியுமா?

(அறிவியலும் சமையலும் பகுதி)



பாதாம் மாவு என்று இப்போது டவுன் கடைகளில் பாக்கெட்டில் விற்கிறார்கள். பெயரில் மாவு இருக்கிறது. அப்படின்னா கோதுமை மாவு மாதிரி தண்ணீர் ஊற்றிப் பிசைந்து சப்பாத்தி சுடலாமா? முடியாது. தேய்க்கும்போதே ஓரம் பிளந்துவிடும். கல்லில் போட எடுத்தால் உதிர்ந்துவிடும். ஏன் உதிருது? அப்புறம் எப்படி அதில் கேக் செய்றாங்க? இதுதான் இன்றைய பாடம்.

1. பாதாம் எது, வாதாம் எது?

மைதானத்து ஓரத்தில் நிற்கிறதே, நாம் கொட்டையை உடைத்துத் தின்கிற வாதாம் மரம், அது பாதாம் மரம் இல்லை. அது மருது, கடுக்காய் மரங்களுக்குச் சொந்தம். அதன் தாவரவியல் பெயர் டெர்மினாலியா கட்டப்பா. கடையில் வாங்கும் பாதாம், ரோஜா குடும்பத்து மரம். அதன் பெயர் புரூனஸ் டல்சிஸ். குளிர் வேண்டும் என்பதால் நம் நாட்டில் காஷ்மீர், இமாச்சலப் பக்கம்தான் விளையும். உலகத்தில் விளையும் பாதாமில் பெரும்பகுதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்து வருகிறது. அதனால்தான் விலை அதிகம்.

2. மாவை எது பிடித்து வைக்கிறது?

ஒரு சோதனை. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகும். அது ஸ்டார்ச். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் பபிள்கம் மாதிரி ஒன்று மிஞ்சும். இழுத்தால் நீளும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். இத்தாலி நாட்டு அறிஞர் பெக்காரி 1728-ல் இப்படி மாவைக் கழுவித்தான் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

குளூட்டன் வலை மாதிரி பின்னிக்கொள்ளும். சப்பாத்தி கிழியாமல் விரிவதும், பரோட்டா வீச முடிவதும், ரொட்டி காற்றைப் பிடித்து உப்புவதும் அதனால்தான்.

சரி, அரிசியில் குளூட்டன் இல்லையே, கொழுக்கட்டை எப்படி வருது? அம்மா கொதிக்கிற தண்ணீர் ஊற்றித்தானே கிளறுவாங்க! சூட்டில் ஸ்டார்ச் வெந்து பசை ஆகிறது. அந்தப் பசைதான் பிடிக்கிறது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொழுக்கட்டை வெடித்துப் போகும்.

பாதாமில் குளூட்டனும் இல்லை, ஸ்டார்ச்சும் மிகக் குறைவு. எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்ச் சத்து, ஐந்தில் ஒரு பங்கு புரதம், மீதியில் நார்ச்சத்து அதிகம். அதனால் பச்சைத் தண்ணீரும் உதவாது, கொதிதண்ணீரும் உதவாது. வெளியில் இருந்து பிடிக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் இரண்டு பேர்: முட்டை, சர்க்கரைப் பாகு.

3. ஊர் ஊராகப் பார்ப்போம்

ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ என்ற ஊர்ப் பெயரில் ஒரு பாதாம் கேக் இருக்கிறது. பாதாம் பொடி, சர்க்கரை, முட்டை மூன்றும் ஏறக்குறைய சம எடை. மைதா கிடையாது. 2010-ல் அதற்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்தது, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்த மாதிரி. சத்துணவு முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் கெட்டியாக நிற்கிறதே, அதேபோல முட்டை வெந்துதான் அந்தக் கேக்கைப் பிடிக்கிறது.

ஐரோப்பாவில் மக்ரூனும் பாதாமில்தான் செய்வார்கள். தூத்துக்குடி மக்ரூனில் பாதாமுக்குப் பதில் முந்திரி. கொட்டை மாறினாலும் பிடிக்கிற ஆள் மாறவில்லை, அடித்து நுரையாக்கிய முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தான். முட்டை சாப்பிடாதவர்களுக்கு முந்திரி கேக், பாதாம் கேக் என்று வில்லை போடுகிறார்களே, அதில் சர்க்கரைப் பாகு.

4. வீட்டில் பொடி செய்யும் முறை

பாதாமை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுத் தோலை உரிக்கவும். நன்றாகக் காய வைக்கவும். ஈரம் இருந்தால் பொடி ஆகாது. மிக்சியை ஓடவிடாமல் விட்டு விட்டுச் சுற்றவும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து அரைத்தால் ஒட்டாது. சலித்து, கப்பியை மறுபடி அரைக்கவும். எண்ணெய்ச் சத்து இருப்பதால் அதிக நாள் வெளியில் வைத்தால் சிக்கு வாடை வரும். கொஞ்சமாகச் செய்யவும்.

5. அவன் அடுப்பு இல்லாமல் கேக்

பொடி 100 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை 2, உப்பு ஒரு சிட்டிகை, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம். முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடிக்கவும். பொடியை மெதுவாகக் கலக்கவும். நெய் தடவிய டப்பாவில் ஊற்றவும். பழைய கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையத்தின் மேல் டப்பாவை வைத்து மூடவும். சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகுதான் கவிழ்க்கணும், சூட்டில் உடையும். பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

பாதாம் வாங்க முடியாவிட்டால் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை. அதிலும் குளூட்டன் கிடையாது, புரதமோ பாதாமைவிட அதிகம்: ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வாசனை மட்டும் மாறும்.

6. இது யாருக்கு உயிர்ப் பிரச்சினை?

நம் பள்ளியில் சின்ன வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான். பெயர் எழுதவில்லை. பிறந்தநாளுக்கு யார் பிஸ்கட் கொடுத்தாலும் வேண்டாம் என்பான். "ரொம்பத்தான் பிகு பண்றான்" என்று சில பேர் கேலி செய்றாங்க. அது பிகு இல்லை. அவனுக்கு சீலியாக் நோய். குளூட்டன் உள்ளே போனால் அவன் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். நாம் உயிரியலில் படித்த குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகும். சாப்பிட்டாலும் சத்து சேராது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரும்.

இதைக் கண்டுபிடித்த கதை முக்கியமானது. 1944-45 குளிர்காலத்தில், போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டியே இல்லை. எல்லாரும் மெலிந்தபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தது. இதைக் கவனித்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே ஏற்கெனவே கோதுமை மேல் சந்தேகப்பட்டவர். 1950-ல் ஆய்வு எழுதிக் கோதுமைதான் காரணம் என்று காட்டினார்.

இந்த நோய்க்கு மருந்து உணவுதான். கோதுமை, மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பார்லி கூடாது. கடைப் பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலந்திருக்கலாம், பாக்கெட்டைப் படிக்கணும். சப்பாத்தி தேய்த்த பலகையும் ஆகாது. கேக் டப்பாவில் ஒட்டாமலிருக்க மைதா தூவினால்கூடத் தொந்தரவுதான். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, பாதாம், நிலக்கடலை சாப்பிடலாம்.

7. எச்சரிக்கை

* சிலருக்குப் பாதாம் அல்லது நிலக்கடலை ஒவ்வாது. உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 108.
* கசப்புப் பாதாமில் சயனைடு விஷம் உண்டாகும். கசந்தால் துப்பிவிடணும்.
* வயிறு சரியில்லை என்று நாமாகவே கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். டாக்டர் சொல்லணும்.

தோழர்களே, அடுத்த தடவை பிறந்தநாளுக்கு பிஸ்கட்டோடு நாலு கடலை மிட்டாயும் வாங்குங்கள். ஒரு ஆள்கூட "வேண்டாம்" என்று சொல்லி ஒதுங்க வேண்டியதில்லை.

யோசித்துச் சொல்லுங்கள்:
அ) அதிரசத்தை எது பிடிக்கிறது?
ஆ) கேழ்வரகு ரொட்டியை ஏன் கையால் தட்டுகிறோம், சப்பாத்தி மாதிரி தேய்ப்பதில்லை?
விடை இந்தத் தாளிலேயே ஒளிந்திருக்கிறது!


ஒன்பதாம் வகுப்பு மாணவி