லினக்ஸ்: கருவும் டெஸ்க்டொப் சூழலும்

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது லினக்ஸின் கருவை மாத்திரமே. திரையில் நாம் காணும் மெனு, பனல், பின்னணிப்படம் என்பன டெஸ்க்டொப் சூழல் எனும் வேறு மென்பொருளின் வேலையாகும். (கேடிஈ 1996இலும் குனோம் 1997இலும் ஆரம்பிக்கப்பட்டன.)

ஆகவே மாணவர்களே, பனல் மறைந்தால் கோப்புகளும் அழிந்துவிட்டன என எண்ண வேண்டாம். அவசரப்பட்டு ஃபோர்மட் செய்தால்தான் உங்கள் செயற்றிட்ட வேலை உண்மையில் அழியும்! எக்ஸ்எஃப்சிஈ சூழலாயின் ஓல்ட் விசையுடன் எஃப்2ஐ அழுத்தி, எக்ஸ்எஃப்சிஈ4-பனல் எனும் கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுக. நின்றுபோன பனல் மீண்டும் இயங்கும்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிவதும் பெரும்பாலும் எழுத்துரு இல்லாமையாலேயே. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவுக. ரெங்கநாதன் விசைப்பலகையில் தட்டுவோர் ஐபஸ்-எம்17என் பொதியையும் சேர்த்துக்கொள்க.

வினா: பனல் மறைந்த கணினியில் கோப்புகள் எஞ்சியிருப்பது ஏன்?
விடை: பனல் டெஸ்க்டொப் சூழலின் ஒரு நிரல். கோப்புகள் வன்தட்டில் உள்ளன.