வெள்ளைக் காலர் குற்றம்

வறுமையே குற்றத்தின் தாய் என்று அறிஞர் பலரும் எண்ணியிருந்த காலம். 1939 டிசம்பரில், அமெரிக்கச் சமூகவியற் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையில், இந்தியானாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் சதர்லண்டு அக்கருத்தை மறுத்தார். மதிப்பும் உயர்நிலையும் உடையோர் தம் தொழிலினூடே புரியும் குற்றத்தை 'வெள்ளைக் காலர் குற்றம்' என்றார்.

பின்னர் 70 பெருநிறுவனங்களை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணையங்களும் வழங்கிய 980 தீர்ப்புகளைத் தொகுத்தார். ஆயினும், 1949-இல் நூல் வெளிவந்தபோது நிறுவனங்களின் பெயர்கள் அதில் இல்லை! வழக்குக்கு அஞ்சிய பதிப்பகத்தார் அவற்றை நீக்கச் செய்தனர். மறு ஆண்டே சதர்லண்டு மறைந்தார். முழு நூல் 1983-இல்தான் வெளிவந்தது.

பூட்டை உடைத்தவன் பெயர் மறுநாளே அச்சேறுகிறது. இப்பெயர்கள் அச்சேற 34 ஆண்டுகள் ஆயின. சட்டம் பயிலும் நண்பர்களே, இவ்வேறுபாடு ஏன் என எண்ணிப் பாருங்கள்.