சாரலுக்குத் தாங்கும் லேப்டாப் பை எது?

கேள்வி: புளியறையிலிருந்து தென்காசிக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறேன். என்னுடையது 13 இன்ச் லேப்டாப். அண்ணனின் பழைய பெரிய பையில் வைத்தால் உள்ளே உருளுகிறது. சீசன் நேரத்தில் நனைந்துவிடுமோ என்றும் பயம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட பையாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

- வாசகர், புளியறை

பதில்: போதாது. அந்தச் சொல் பெரும்பாலும் துணிக்குத்தான் பொருந்தும். தையல் ஓட்டைகளும் ஜிப்பும் தண்ணீரை விடத்தான் செய்யும். கொட்டும் மழை என்றால் எங்காவது ஒதுங்கி நிற்போம். ஆரியங்காவு கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் வருகிற சாரலுக்கு யார் வண்டியை நிறுத்துகிறார்கள்? அதனால் நனைவதும் அதில்தான் அதிகம்.

பையோடு வரும் மழை உறையையும் முழுதாக நம்பாதீர்கள். அது முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் ஊறும். லேப்டாப் அறையும் அநேகமாக அந்தப் பக்கம்தான் இருக்கும். பையை மாட்டிக்கொண்டு அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு ரெயின்கோட் போடுங்கள். பார்க்கக் கூன் விழுந்த மாதிரி இருக்கும், இருக்கட்டுமே! லேப்டாப்பை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரிலும் போட்டு வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் கவரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஈரம் உள்ளேயே தங்கக் கூடாது.

அளவு விஷயத்துக்கு வருவோம். 13 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். கடைக்கு அதையே கொண்டுபோய் அறையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் எத்தனை அறை, எத்தனை ஜிப் என்று காட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடியைத் தொடுங்கள். அது பையின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்திலாவது நிற்க வேண்டும். மலிவான பல பைகளில் இரண்டும் ஒன்றாகவே தைக்கப்பட்டிருக்கும். பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் லேப்டாப்பின் மூலைதான் அடி வாங்கும்.

அண்ணனின் பையிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். துணியின் உள்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் பூச்சையும் பாருங்கள். அது செதில் செதிலாக உதிர்ந்தால் பையின் காலம் முடிந்தது. பூச்சு நன்றாக இருந்து, அடியும் உயர்ந்திருந்தால் புதுப் பை வேண்டாம். 13 இன்சுக்கான பஞ்சு உறை ஒன்று வாங்கி, லேப்டாப்பை அதில் போட்டு வையுங்கள், போதும்.