சேலையூர் வாசகிக்கு, கன்னக் கொழுப்பைப் பற்றி



தை மாதம் கல்யாணம், அதற்குள் கன்னக் கொழுப்பை எடுத்துவிட்டால் போட்டோவில் முகம் ஒடுக்கமாகத் தெரியும் என்று கிளினிக்கில் சொன்னதாகவும், அட்வான்ஸ் கட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். செய்துகொள்ளலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முகத்துக் கொழுப்பு தோலுக்கடியில் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பதில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ராட் ரோரிச், ஜோயல் பெஸ்ஸா என்ற இரு மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, 2007-ல் அதை வெளியிட்டார்கள். சாயம் முகமெங்கும் பரவவில்லை. மெல்லிய சவ்வுகள் தடுக்க, தனித்தனி அறைகளில் தங்கி நின்றது. மேலடுக்கில் சில அறைகள், தசைக்குக் கீழே சில அறைகள். வயதாக ஆக ஒவ்வொன்றும் தன் போக்கில் வற்றுகிறது. கண்ணுக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் கொழுப்பு வற்றினால், அதன்மேல் இருந்த கன்னம் தாங்கலில்லாமல் சரிந்து மூக்கோரக் கோடு ஆழமாகிறது. அதனால்தான் விஷயம் தெரிந்த மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்க்காமல், கன்னத்தைத் தாங்கும் இடத்தைப் பார்க்கிறார்.

உங்களுக்கு எடுக்கப்போவதாகச் சொல்லும் கொழுப்பு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பிரெஞ்சு உடற்கூறு அறிஞர் பிஷாவின் பெயரால் அழைக்கப்படுவது அது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 மில்லி இருக்கும். நாக்கை மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள். சின்ன முண்டு ஒன்று தட்டுப்படும். காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் திறக்கும் வாய் அது. கத்தி வைப்பது அதற்குப் பக்கத்தில்தான். சிரிக்கவைக்கும் நரம்பின் கிளைகளும் அந்தக் கொழுப்பை ஒட்டியே ஓடுகின்றன. குழாய் அறுபட்டால் கன்னத்துக்குள் உமிழ்நீர் தேங்கும்; நரம்பில் பட்டால் சிரிப்பு கோணும். ஒன்றும் ஆகாமல் நல்லபடியாக முடிந்தாலும், எடுத்த கொழுப்பு திரும்ப வளராது.

கன்னக் கொழுப்பு போனால் முகம் என்னவாகும் என்பதை நம் தாம்பரமே கண்கூடாகப் பார்த்திருக்கிறது. சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த மருத்துவமனை, 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கியது. பிற்காலத்தில் நாட்டிலேயே மிக அதிகமான எச்.ஐ.வி. நோயாளிகள் வந்துபோன இடங்களில் ஒன்றாக ஆனது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அந்தக் கூட்டு மாத்திரைகளில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. விலை மலிவு, உயிரைக் காத்தது. ஆனால் கொழுப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது. நோய் அடங்கி, எடை கூடி, வேலைக்குப் போகத் தொடங்கியவர்களில் பலருக்குக் கன்னம் டொக்கு விழுந்தது, நெற்றிப்பொட்டு குழிந்தது. யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த நோயை முகம் காட்டிக்கொடுத்தது. அந்த முகத்தோடு தெருவில் நடக்க அஞ்சியவர்களின் வேதனையை நான் சிறிதாக எண்ணமாட்டேன். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. மருந்தை மாற்றிய பிறகும் கன்னம் மெதுவாகத்தான், அதுவும் அரைகுறையாகத்தான் தேறியது.

இன்று அழகுக்காகப் போடப்படும் பாலிலாக்டிக் அமில ஊசிக்கு அமெரிக்க அரசு 2004-ல் முதலில் அனுமதி கொடுத்ததே எச்.ஐ.வி.யால் ஒட்டிப்போன இந்தக் கன்னங்களுக்காகத்தான். சுருக்கம் நீக்க அனுமதி கிடைத்தது அதற்குப் பின்னர். இழந்த சதையைத் திரும்பப் பெற மனிதர்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நீங்கள் இருபத்து நான்கு வயதில் காசு கொடுத்து அதை இழக்கப் பார்க்கிறீர்கள்!

பிறகு நிரப்பிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மூக்கோர ரத்தக்குழாய்கள் கண்ணின் ரத்தக்குழாயோடு தொடர்புள்ளவை. நிரப்புவதற்குப் போடும் ஊசி மருந்தான ஃபில்லர் தவறிப்போய் அவற்றுக்குள் புகுந்தால் பார்வையே போகலாம். ஹயலூரோனிக் அமில ஃபில்லரையாவது கரைக்க மருந்து உண்டு. பாலிலாக்டிக் அமிலத்தைக் கரைக்க ஒன்றும் இல்லை.

உங்கள் முகம் உருண்டையாகத் தெரிவதற்குத் தாடை எலும்போ, மெல்லும் தசையோ காரணமாக இருக்கலாம். அப்படியானால் கொழுப்பை எடுத்தும் பயனில்லை. யாரிடமாவது காட்டியே ஆகவேண்டும் என்றால், ஸ்டான்லி அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டுங்கள். தனியாரிடம் போனால் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கட்டிய அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பணம் போகட்டும், நீங்கள் போகாதீர்கள்.