சுழலும் சக்கரமும் உருளும் சக்கரமும்

எட்டாம் வகுப்பில் வட்டவில்லின் நீளத்தைக் கற்பிக்க, கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பைப் பயன்படுத்தினேன். பணகுடிக் காற்றாலையின் படத்தைத் திறந்து, சுழற்சி மங்கல் வசதியில் மையத்தை இறக்கைகள் சேரும் இடத்தில் வைத்து, கோணம் 30° கொடுத்தோம். சூத்திரப்படி, மையத்திலிருந்து 105 படப்புள்ளி தொலைவில் வில்லின் நீளம் 55; 210இல் 110. ஆரம் இருமடங்கானால் வில்லும் இருமடங்காகும் என்பதை மாணவர்கள் கண்ணால் கண்டனர்.

அடுத்து, சுலோசன முதலியார் பாலத்தில் செல்லும் சைக்கிளின் சக்கரத்திற்கும் அவ்வாறே செய்தேன். “நான் செல்போன்ல எடுத்த படத்துல கீழ்ப்பக்கக் கம்பி மட்டும் தெளிவா இருக்கே சார்?” என்றாள் ஒரு மாணவி. என்னிடம் உடனே பதில் இல்லை.

மறுநாள் சக்கரத்தின் விளிம்பில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, மெதுவாக உருட்டிப் பார்த்தோம். தரையைத் தொடும் கணத்தில் குறி நிற்கிறது. உச்சியில் அச்சைவிட இருமடங்கு வேகத்தில் செல்கிறது. காற்றாலையின் அச்சு நகர்வதில்லை. சைக்கிளின் அச்சு நகர்கிறது. எனவே, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மங்கச் செய்யும் அந்த வசதி காற்றாலைக்கே பொருந்தும்.

திருத்திய படத்தை மட்டும் காட்டியது என் பிழை. உண்மைப் படத்தையும் அருகில் வைத்துக் காட்டுங்கள். வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.