பாட்டு டீச்சர் கோடிங்குக்கு மாறுகிறீர்களா?

1. வகுப்புகளை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மாலை ட்யூஷன் பணம் வந்தால்தான் வாடகைக் கவலையின்றிப் படிக்கலாம்.

2. பைத்தான் ஒன்றை மட்டும் பிடியுங்கள். இலவசம்; ஹார்வர்டின் சிஎஸ்50 பாடங்களும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

3. முதல் பயிற்சியாக 72 மேளகர்த்தாக்களையும் வரவழையுங்கள். மத்யமம் 2, ரி-க ஜோடி 6, த-நி ஜோடி 6. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப் போட்டால் பட்டியல் வந்துவிடும். தெரிந்த கணக்கு என்பதால், 71 வந்தால் எங்கே தப்பென்று நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

4. தினமும் எழுதுங்கள். சாதகம் செய்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டுமா?

5. எழுதியதை கிட்ஹப்பில் ஏற்றுங்கள். வேலை கேட்கும்போது காட்டக் கையில் ஏதாவது வேண்டும்.

6. பயோடேட்டாவில் கற்பித்த வருடங்களை மறைக்காதீர்கள். புரியாதவருக்குப் பொறுமையாக விளக்கத் தெரிந்த ஆள் எந்த டீமுக்கும் தேவை.