தீவுகளில் மருத்துவப் படியெடுப்புப் பயிற்சி

மருத்துவர் ஒலிப்பதிவாகக் கூறும் நோய்க் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து ஆவணமாக்குவதே மருத்துவப் படியெடுப்பாகும். ஊரைவிட்டு நீங்காமல் செய்யத்தக்க இத்தொழிலுக்கும் இதற்கான இணையவழிப் பயிற்சிக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நெடுங்காலம் தடையாக இருந்தது, செயற்கைக்கோளை நம்பிய குறுகிய இணைப்பே. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் சென்னையுடன் போர்ட் பிளேரை மட்டுமன்றி ரங்கத், கார் நிக்கோபார் முதலிய இடங்களையும் இணைத்தது.

ஆயினும், வடம் வந்ததனாலேயே வேலை வந்துவிடாது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று முதற்படியைத் தாமே எழுதிவிடுவதால், மனிதருக்குப் பெரிதும் எஞ்சுவது திருத்தும் பணியே. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பது உயர் இரத்த அழுத்தம். ‘ஹைப்போடென்ஷன்’ என்பதோ அதன் நேர்மாறு. ஓரொலி பிறழின் சிகிச்சையே மாறிவிடக்கூடும். எனவே தட்டச்சு வேகத்தைவிட உடற்கூற்றியலும் ஆங்கில உச்சரிப்பு வேறுபாடுகளை உணரும் செவிப்பழக்கமும் பாடத்திட்டத்தில் முன்னிற்க வேண்டும். தட்டச்சு மட்டுமே கற்பிக்கும் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்துவது வீண்.